நீ புள்ளடி போட்டாயா?

நேற்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். நீ பயப்பட வேண்டாம், என்மேல் வழக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வளவுக்காரருக்கும் அவருக்குப் பின்னால் இருப்பவருக்கும் வேலித் தகராறு. முன்பு வேலி எங்கே நின்றது என்று சொல்ல ஒரு பழைய ஆள் வேண்டுமென்று என்னைச் சாட்சிக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே போனதும் அந்த மணம் முகத்தில் அடித்தது. கூரைக்குள் குடியிருக்கும் வௌவால்களின் எச்சம், ஈரத்தில் ஊறிய காகிதக் கட்டுகள், உட்காரும் மர வாங்குகளுக்கு எப்போதோ பூசிய வார்னிஷ், எல்லாம் கலந்த மணம். இத்தனை வருடத்தில் அது கொஞ்சமும் மாறவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றினார்கள். மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இதே சட்டத்தில் உன் கை எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டத்தரணி கேட்டது காதில் ஏறவில்லை. "ஐயா, கேள்வி விளங்கினதோ?" என்று அவர் இரண்டாம் தரமும் கேட்டார்.

வேலியைப் பற்றித்தானே கேட்டார். தெரிந்ததைச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் உன்னுடைய வழக்கு என்னை விடவில்லை. உன்னிடம் கேட்டுத் தீர்க்க முடியாது என்று தெரிந்தும் உனக்கே எழுதுகிறேன்.

அந்தத் தேர்தல் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதலாவதா இரண்டாவதா என்பதே இப்போது எனக்குத் தடுமாறுகிறது. துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கடற்படை இன்னும் இருந்தது, அது நிச்சயம். ஏனென்றால் நீ அப்போது மாலுமிகளின் வெள்ளைக் காற்சட்டைகளுக்கு இடுப்புச் சுருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உட்துறைமுகப் பக்கத்தில் வாடகை வீடு. எனக்கு மரம் விற்கும் மரக்காலையில் வேலை. மகள் இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா தனியாகக் கப்பல்துறைக் கிராமத்தில், சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் கட்டிய காலத்தில் சம்பாதித்த துண்டு நிலத்தில் மரவள்ளியும் கத்தரியும் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் மணிக்கூட்டுக்காரன். எங்கள் வேட்பாளருக்கு மணிக்கூடு சின்னம், எதிரே நின்றவருக்குக் குடை. ஊரில் அவர்களின் சொந்தப் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. மணிக்கூட்டுக்காரர், குடைக்காரர் என்றுதான் கதை. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி என்ன பிடிப்பு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நன்றாகப் பேசுவார். அவர் பேசினால் எங்களுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும். எங்கள் முன்னறையே அவருடைய தேர்தல் கந்தோர் ஆகிவிட்டது. உன் தையல் மெஷினைக் குசினிக்கு மாற்றினோம். நீ புகைக்குள் இருந்து தைத்தாய், தைப்பதை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாய், கோப்பைகளைக் கழுவினாய். யார் வெல்ல வேண்டும் என்று நீ ஒரு சொல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வாக்கு என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன் வாக்கில் சிக்கல் இருக்கலாம் என்ற பேச்சு முன்பே ஒரு தரம் வந்தது. அதுவும் உன் வாயிலிருந்துதான். குடியுரிமைச் சட்டம் வந்து, இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. அதற்கு முந்திய தேர்தலில் நீ என்னோடு வந்து, கடதாசியில் புள்ளடி போட்டு வாக்களித்தவள். அப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்துக்குப் பிறகு வாக்காளர் இடாப்பு எழுத ஊர் விதானையார் வந்தபோது நீ கதவடியில் நின்று கேட்டாய்.

"விதானையார், என்ர பேரை எழுதலாமோ? எங்கட அப்பா இந்தியாப் பக்கத்து ஆள் எண்டு சொல்லுவினம்."

விதானையார் சிரித்தார். "உன்னை எனக்குச் சின்னனில இருந்து தெரியும் பிள்ளை. இவரைக் கட்டியிருக்கிறாய். பிறகென்ன?"

அவர் எழுதினார். எனக்கும் அது சரியாகவே பட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்த ஒருத்தியை வேறு எந்த ஊர்க்காரி என்று சொல்வது? சட்டம் அப்படித்தான் சொன்னது என்பது எங்களில் பாதிப்பேருக்கு விளங்கவில்லை. மீதிப் பாதிப்பேர் விளங்கியும் நம்பவில்லை.

வாக்களிப்பு நாளன்று நாம் சேர்ந்துதான் போனோம். பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நான் முடித்துக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். உனக்குப் பின்னால் நின்ற பெண்கள் இரண்டு மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். நீ வரவில்லை. ஏதும் தகராறோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு நீ வந்தாய், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

"ஏன் இவ்வளவு நேரம் நிண்டனீ?" என்று கேட்டேன்.

"உள்ளுக்குச் சரியான புழுக்கம்," என்றாய். "கெதியா வாங்கோ, மழை இருட்டுது. உடுப்புக் காயப்போட்டிட்டு வந்தனான்."

மணிக்கூடு வென்றது. ஆனால் வென்ற வித்தியாசம் மிகச் சொற்பம். ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் அவ்வளவு பேரையும் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். முன்னறையில் வெடி கொளுத்தியதில் உன் சீலையில் பொறி பட்டது. நீ அந்த ஓட்டையைப் பூவாகத் தைத்து மூடிக்கொண்டாய்.

சில மாதங்களில் குடைக்காரர் தேர்தல் மனுப் போட்டார். தகுதியில்லாத ஆட்கள், குடியுரிமை இல்லாத ஆட்கள் வாக்களித்திருக்கிறார்கள், அவற்றைக் கழித்தால் தானே வென்றவர் என்பது அவருடைய வாதம். துறைமுகப் பக்கத்துப் பெயர்கள் பல அதில் இருந்தன. அழைப்பாணையோடு வந்தவர் முதலில் என் பெயரைத்தான் கேட்டார் என்று நினைத்தேன். அவர் கேட்டது உன்னை.

அன்று இரவு நீ சாப்பிட்டாய், நான் சாப்பிடவில்லை. அது எனக்கு நல்ல நினைவு.

முதலில் வந்தவர் எங்கள் பக்கத்துச் சட்டத்தரணி. முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு ஆறுதலாக விளக்கினார். உன் அப்பா இந்த ஊரில் பிறந்தவரென்றால் நீ இந்த நாட்டுப் பிரசை, உன் வாக்குச் செல்லும். இந்தியாவில் பிறந்தவரென்றால் நீ பிரசை இல்லை, வாக்குக் கழியும். தகுதியில்லாமல் வாக்களித்தவள் என்ற பெயரும் வரும். "தகப்பன் இஞ்சதான் பிறந்தவர் எண்டு கேள்விப்பட்டனான் எண்டு சொன்னாப் போதும் தங்கச்சி. கேள்விப்படுறது பொய்யில்லையே," என்றார். அவருக்கும் நீதான் தேத்தண்ணி கொடுத்தாய்.

அடுத்த நாள் கிண்ணியா நானா வந்தார். எங்கள் மரக்காலையில் மரம் எடுக்கிற வியாபாரி, குடைக்காரருக்காக வேலை செய்தவர். தேர்தல் முடியும்வரை தெருவில் கண்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அன்று தயிர்ச்சட்டியோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நான் கட்சிக் கதை கதைக்க வரேல்லை," என்றார். "தங்கச்சியின்ர பேரை அந்தப் பட்டியல்ல போட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் விட்டிருக்கமாட்டன். ஒண்டு மட்டும் சொல்லுறன். அவவின்ர வாப்பா பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறாரெல்லோ? அதில பிறந்த இடம் என்ன எண்டு போட்டிருக்கு? முதல்ல அதைப் பாருங்கோ."

உன் அப்பா இந்திய வம்சாவளியினர் என்று பதிவுக்கு விண்ணப்பித்திருந்தார். இன்னும் பதில் வரவில்லை. ஒரு பெட்டிசன் எழுதுபவர்தான் அதை நிரப்பியவர். பிறந்த ஊர் இந்தியாவில் தொண்டி என்று அவர் எழுதியிருந்தார். அப்படியென்றால், நீ கூண்டில் ஏறி அப்பா இங்கே பிறந்தவர் என்று சொன்னால், அவருடைய விண்ணப்பம் பொய் என்று ஆகும். தொண்டியில் பிறந்தவர் என்று சொன்னால் நீ இந்த நாட்டுக்காரி இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எது உண்மையென்று யாருக்கும் தெரியாது. நானாவுக்கு நன்றி சொல்வதா கோபிப்பதா என்று தெரியாமல் தயிர்ச்சட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கப்பல்துறைக்குப் போனோம். உன் அப்பா பழைய காக்கிக் காற்சட்டையோடு கத்தரிக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். உன்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு வந்தார். நீ சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, நீங்கள் எங்க பிறந்தனீங்கள்?"

"இது என்னம்மா கேள்வி," என்றார். இத்தனை வருடம் இந்த மண்ணில் இருந்தும் அவருடைய பேச்சில் அக்கரைச் சாயல் போகவில்லை. "தொண்டின்னுதானே அந்த மனுசன் எழுதுனாரு."

"அவர் எழுதினதைக் கேக்கேல்லை. நீங்கள் பிறந்தது எங்க?"

அவர் வாழையடியில் குந்திக்கொண்டார். "எங்க ஆத்தா ஒரு நாளைக்குத் தொண்டிம்பா, ஒரு நாளைக்குத் திருக்கோணமலைம்பா. தோணியில வந்தாக, அது நெசம். வர்றப்ப நான் வயித்துக்குள்ள இருந்தேனா கையில இருந்தேனா, அதான் வெவகாரம். ஆத்தாவும் போய்ச் சேந்துட்டா. எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்பச் சின்னப் புள்ளதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீயும் சிரித்தாய். அவர் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மாறிவிட்டது. "நான் தப்பா ஏதும் சொல்லிட்டேனா? உனக்கு எது தோதோ அதைச் சொல்லும்மா. என்னைப் பத்தி யோசிக்காதே," என்றார். நீ எழுந்து வாளியை எடுத்து மீதிக் கத்தரிக்குத் தண்ணீர் வார்த்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் இருந்தாய். என்ன சொல்லப்போகிறாய் என்று இரண்டு முறை கேட்டேன். "கேக்கிறதுக்குப் பதில் சொல்லுவன்," என்றாய். அவ்வளவுதான். உன் பக்கத்தில் இருந்துகொண்டே உன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவனாக வந்து இறங்கினேன்.

வழக்கன்று மண்டபம் நிறைந்திருந்தது. உன் அப்பா கடைசி வாங்கில், கழுவி மடித்த வேட்டியோடு. நானா ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். நீதிபதிக்கு ஆங்கிலம், நீ சொல்வதை மொழிபெயர்ப்பாளர் அவருக்குச் சொல்ல வேண்டும். நீ கூண்டில் ஏறியபோது இவ்வளவு சின்ன உருவமா நீ என்று எனக்குத் தோன்றியது.

குடைக்காரரின் சட்டத்தரணி எழுந்தார். பெயர், விலாசம், மணமுடித்த விவரம் கேட்டார். பிறகு நேரே வந்தார்.

"உம்முடைய தகப்பனார் எங்கே பிறந்தார்?"

"எனக்குத் தெரியாது."

"தகப்பன் பிறந்த ஊர் மகளுக்குத் தெரியாதா?"

"அவருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டனான்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீ சிரிக்கவில்லை. சட்டத்தரணி கொஞ்சம் சூடாகிவிட்டார்.

"பிரசையா இல்லையா என்று தெரியாமல் வாக்களிக்கப் போனீரா?"

"ஓம், போனனான். பேர் இருந்தது. போகாட்டில் ஏன் வரேல்லை எண்டு கேப்பினம்."

"ஆகவே வாக்களித்தீர்."

"இல்லை."

அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "கடதாசியை வாங்கினீர் என்று பதிவு இருக்கிறது."

"வாங்கினனான். மறைப்புக்குப் பின்னால போனனான். புள்ளடி போடேல்லை. மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டிட்டு வந்தனான்."

மொழிபெயர்ப்பாளர் திரும்பி உன்னைப் பார்த்தார். "போட்டன் எண்டுறியோ, போடேல்லை எண்டுறியோ?" என்று தமிழில் கேட்டார்.

"கடதாசியைப் போட்டனான். புள்ளடி போடேல்லை."

"ஏன்?"

"என்ர பேர் அதில இருக்கிறது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியாமல் போட விருப்பமில்லை. போடாமல் விடவும் விருப்பமில்லை. கன நேரம் நிண்டிட்டு மடிச்சுப் போட்டனான்."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் வெறுங்கடதாசிகள் சில இருந்தன என்பது எண்ணிய அன்றே எல்லோருக்கும் தெரிந்த விசயம். இரண்டு சட்டத்தரணிகளும் எழுந்து ஒருவரை ஒருவர் மறித்துப் பேசினார்கள். கடைசியில் நீதிபதி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கும் கேட்கச் சொன்னார்: இவருடைய வாக்கு இரு பக்கத்திலும் எண்ணப்படவில்லை, எண்ணப்படாத வாக்குக்குத் தகுதி பார்க்க வேண்டியதில்லை, சாட்சி இறங்கலாம். தகப்பன் பிறந்த ஊர் பற்றிய கேள்வியை அதோடு விட்டுவிட்டார்கள்.

நீ இறங்கி வந்தாய். உன் அப்பா எழுந்து நின்றார். எனக்கு என்ன உணர்வு வந்தது என்று இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. உன்னையும் அவரையும் ஆபத்திலிருந்து இழுத்து வெளியே போட்டுவிட்டாய் என்ற ஆறுதல் இருந்தது. என் வீட்டில் இரண்டு வாக்கு என்று ஊரெல்லாம் சொன்னவன் என்ற வெட்கமும் இருந்தது. அதற்கிடையில் ஒரு சந்தேகம். நீ சொன்னது எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று யோசித்துப் பார். தொண்டி என்றாலும் கஷ்டம், திருகோணமலை என்றாலும் கஷ்டம். மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது, அது உன்னிடம் மட்டும் இருந்தது. அது நடந்ததா, நீ கப்பல்துறையில் கத்தரிக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டே கண்டுபிடித்ததா?

எங்கள் ஆட்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். "சொந்தக் குசினி வோட்டையே எடுக்க ஏலாதவர்," என்று ஒருவர் எனக்குக் கேட்கக்கூடியதாகவே சொன்னார். சந்தையில் யாரோ ஒருவன் உன்னைப் பார்த்து, களவாகக் கடல் கடந்து வந்தவள் என்று குத்தி, கள்ளத்தோணி என்றான். நான் திரும்பினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு மீன்காரரிடம், "பாரை என்ன விலை?" என்று கேட்டாய்.

நீதிபதி வேறு பலரின் வாக்குகளைக் கழித்தார். எங்கள் ஆளின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகியது. இடைத்தேர்தல் வந்தது, மறுபடியும் அவரே வென்றார், முன்னிலும் கூடுதலாக. ஒரு வருடம் ஆகுமுன் அவரும் குடைக்காரரும் ஒரே மேடையில் ஒரே மாலைக்குள் நின்றார்கள். நான் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பார்த்தேன். நாம் எதற்காகப் பிரிந்து நின்றோம், நீ எதற்காகக் கூண்டில் ஏறினாய் என்று கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "நல்ல விசயம்தானே, முன்னறையைக் கழுவலாம்," என்று மெஷினைத் திரும்ப ஜன்னலடிக்குக் கொண்டுவந்தாய்.

உன் அப்பாவின் விண்ணப்பத்துக்கு வெகுகாலம் கழித்துப் பதில் வந்தது. இடையில் எந்தெந்த வருடங்கள் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். பிறந்த ஊரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீ அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாய். பிறகு ஆட்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து, கப்பலேறத் தயாராக இருக்கச் சொல்லி அவருக்கு அறிவித்தல் வந்தது. கப்பலேறுமுன்னே அவர் ஒரு மழைக்காலத்தில் கப்பல்துறையிலேயே கண்மூடினார். உனக்கோ என் மனைவி என்ற முறையில் பிரசாவுரிமை கிடைத்தது. அது ஒரு கையெழுத்தில் முடிந்தது. அந்த வழி முதலிலேயே இருந்தது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பத்திரம் வந்த அன்று, "இப்ப நான் ஆர்?" என்று கேட்டாய். பகிடியாகத்தான் கேட்டாய் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் எல்லாம் நீ வாக்களித்தாய். யாருக்கென்று கேட்பதை நான் நிறுத்தியிருந்தேன். பழைய கேள்வியை மட்டும் விடமுடியவில்லை.

முதல் தரம் வழக்கு முடிந்த கிழமையே கேட்டேன். "கோட்டில சொன்னதுதான்," என்றாய். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நோன்புப் பெருநாளுக்கு நானாவின் பிள்ளைகளுக்கு நீ சட்டை தைத்துக் கொடுக்க, அவர் தயிரோடு வந்து என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, கோவியாதைங்கோ, தங்கச்சி எங்களுக்குப் போட்டவ எண்டுதான் என்ர மனசு சொல்லுது," என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அன்று பகல் முழுக்க வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் அதைச் சொன்னேன். நீ மறுக்கவில்லை. "உங்கட ஆள் எங்கட வீட்டில எத்தினை கோப்பை தேத்தண்ணி குடிச்சவர். ஒருநாளும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தவரோ?" என்றாய். அப்படியென்றால் குடைக்குப் போட்டாயா என்று கேட்டேன். "நான் தேத்தண்ணியைப் பற்றித்தானே சொன்னனான்," என்றாய்.

சில நாளில் எனக்குத் தோன்றும், நீ மணிக்கூட்டுக்கே போட்டாய், அப்பாவுக்காகப் பொய் சொன்னாய் என்று. அப்போது உன்மேல் பெரிய இரக்கம் வரும். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். இன்னும் சில நாளில், நீ சொன்னதே முழு உண்மை என்று தோன்றும். அது இன்னும் கஷ்டம். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் எனக்கு இடமுண்டா இல்லையா என்று நீ தனியாக நின்றிருக்கிறாய். நான் வெளியே வேப்பமரத்தடியில் நம் பக்கம் வெல்லுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசித் தரம் ஆஸ்பத்திரியில். நீ தெளிவாக இருந்த ஒரு பின்னேரம். ஜன்னலுக்கு வெளியே கடல் வெளிச்சமாகக் கிடந்தது. தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன், சும்மா கேட்பதுபோல. நீ என்னை வியப்போடு பார்த்தாய்.

"இவ்வளவு காலமும் உதையே யோசிச்சுக்கொண்டிருந்தனீங்களோ?"

"இடைக்கிடை."

நீ சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது. முதுகைத் தடவினேன். இருமல் அடங்கியதும் ஒரு சுளையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "உள்ளுக்கு நிண்டது நான் ஒராள்தானே. அதை ஏன் இப்ப ரெண்டு பேராக்கோணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி ஏதோ சொல்லப் போனாய், அதற்குள் தாதி மருந்தோடு வந்துவிட்டாள். பிறகு நாம், உன்னைப் பார்க்க மகள் வரப்போகும் பிரயாணத்தைப் பற்றிக் கதைத்தோம். நீ சொல்லப்போனது என்னவென்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை நீ இல்லை.

நீ கண்மூடிய வருடமே தேர்தல் வந்தது. இடாப்பு முதலே அச்சாகிவிட்டபடியால் உன் பெயரிலும் வாக்காளர் அட்டை வந்தது. அதை மேசையில் வைத்திருந்தேன். வாக்களிப்புக்கு முதல் நாள் எங்கள் வட்டாரத்தில் கட்சி வேலை செய்கிறவர் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், நல்ல மனிதர், உன் செத்தவீட்டுக்குப் பந்தல் போட வந்து நின்றவர். கதிரையில் இருந்துகொண்டு தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார்.

"அண்ணை, அக்கான்ர கார்ட் இருக்குதெல்லோ. ஒரு பொம்பிளைப் பிள்ளையை அனுப்பினால் காரியம் முடிஞ்சிடும். சும்மா வீணாப் போகுது."

"ஆருக்குப் போடுறது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்களுக்குத்தான். வேற ஆருக்கு? அக்கா எங்கட பக்கம்தானே."

"அவ ஆருக்குப் போடுவா எண்டு எனக்குத் தெரியாது, தம்பி."

நான் பகிடி விடுகிறேன் என்று அவர் நினைத்தார். "இவ்வளவு வருசம் ஒண்டா இருந்தனீங்கள், தெரியாதோ?"

"தெரியாது. போடுவாவோ எண்டும் தெரியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். படலைவரை போய்த் திரும்பி, "கோவமில்லையே அண்ணை?" என்றார். இல்லை என்றேன்.

மறுநாள் நான் மட்டும் போய் வாக்களித்துவிட்டு வந்தேன். உன் பெயர் அந்த இடாப்பில் வெட்டுப்படாமல் அப்படியே இருந்தது. உன்னோடு இத்தனை காலம் ஒரு சட்டியில் சாப்பிட்டு, ஒரு பாயில் படுத்து, ஒரு பிள்ளையை வளர்த்தும், உனக்காக ஒரு புள்ளடி போடும் அளவுக்கு உன்னை எனக்குத் தெரியாது. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அதை நம் வாழ்வின் குறையென்று எடுப்பதா, உனக்கு நான் செய்யக்கூடிய மரியாதையென்று எடுப்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.